வீட்டுத் தோட்டத்தில் எந்த ஆபத்தை முதலில் சரிசெய்வது?

கீரைப்பாத்தி:

அனைவருக்கும் வணக்கம். வீட்டைச் சுற்றித் தரையில் மா, எலுமிச்சை, முருங்கை, இரண்டு கீரைப் பாத்தி. மொட்டை மாடியில் பைகளில் காய்கறி. தண்ணீர் பாய்ச்சத் தரைத்தொட்டியிலிருந்து அரை எச்.பி. மோட்டார். அதற்கான கரண்ட் வீட்டுக்குள்ளிருந்து எக்ஸ்டென்ஷன் வயரில் புல்லின் மேலாக வருகிறது. நடுவில் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் உண்டு. வேலியோரம் அரளியும் எருக்கும் வளர்ந்து நிற்கின்றன. பூச்சிமருந்து பாட்டில்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்பவர் அவர்தான்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முடியாது. கேட்டவர்கள் எல்லோரும் பாம்பைப் பற்றித்தான் எச்சரிக்கிறார்கள். உண்மையில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும்? அளவோடு, காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பியூஸ்கட்டை:

முதல்ல அந்த ஜாயின்ட். இதைப் படிச்சதும் பிளக்கைப் பிடுங்கிடுங்க. புது வயர் வர்ற வரைக்கும் வாளியில மொண்டு ஊத்துங்க. பாம்பு சீறும், ஏணி ஆடும், மருந்து நாறும். கரண்ட் எந்த அறிகுறியும் காட்டாது. அதனாலதான் அதை முன்னாடி வைக்கிறேன்.

"எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினா தானா விழுற சுவிட்ச்) இருக்கே, போதாதா?"ன்னு பலர் கேப்பாங்க. போதாது. எம்.சி.பி. வயரைக் காப்பாத்தத்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டினாத்தான் விழும். ஆளோட இதயத்தை நிறுத்த ஒரு ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கே போதும். ஈரமண்ணுல வெறுங்காலோட நிக்கிறவர் வழியா அவ்வளவு கரண்ட் போனா எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது.

ஆளைக் காப்பாத்துறது 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.ங்கிற, கசிவைப் பாத்து விழுற சுவிட்ச். (பழைய ஆட்கள் இ.எல்.சி.பி.ன்னு சொல்லுவாங்க.) ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்புற கரண்டும் சமமா இருக்கான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். வித்தியாசம் வந்தா எங்கேயோ மண்ணுக்குக் கசியுதுன்னு அர்த்தம், உடனே வெட்டிடும். வாங்கும்போது மேல எழுதியிருக்கிற எண்ணைப் பாருங்க. 100, 300 மில்லியாம்பியர்னு வர்றது ஆளைக் காப்பாத்தாது. 300 இருக்கே அது தீப்பிடிக்காம இருக்கப் போடுறது. தோட்டத்துக்குப் போற லைனுக்குத் தனியா ஒண்ணு போட்டுடுங்க. மாசம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்க, அழுத்தின கையோட விழணும். விழலைன்னா மாத்திடுங்க.

எர்த் இல்லாம ஆர்.சி.சி.பி. மட்டும் போட்டா வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. மோட்டார் பாடியில கசிவு வந்தா, எர்த் இருந்தா அந்த நொடியே டிரிப் ஆகும். எர்த் இல்லேன்னா யாராவது தொடுற வரைக்கும் பாடி கரண்டோடவே உக்காந்திருக்கும்.

வயர்: இடையில ஒட்டே இல்லாத, ரப்பர் உறை போட்ட மூணு கோர் கேபிள். அரை எச்.பி.க்கு 1.5 சதுர மி.மீ. தாராளம். டேப் மழையைத் தாங்காது. வெயில்ல பசை இளகி, ஓரம் பிரிஞ்சு, தண்ணி உள்ளே இறங்கி நிக்கும். சாக்கெட் மூடியுள்ள வெளிப்புற பாக்ஸா, இடுப்பு உயரத்துக்கு மேல இருக்கட்டும். கேபிள் மேலிருந்து நேரா பாக்ஸுக்குள்ள இறங்கக் கூடாது. கொஞ்சம் கீழே தொங்கி, வளைஞ்சு மேலேறி நுழையணும். அப்பத்தான் வயரோட வழியுற மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும்.

தொட்டிக்குள்ள கை விடணும், மோட்டாரைத் தூக்கணும்னா சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்க. வயரிங் தப்பா இருந்தா சுவிட்ச் நியூட்ரலை வெட்டும், ஃபேஸ் அப்படியே இருக்கும். மூழ்குற மோட்டாரைக் கயிறு கட்டித்தான் தூக்கணும். கேபிளைப் பிடிச்சுத் தூக்கினா அது நுழையுற இடத்துல சீல் கிழியும்.

மா இருக்குன்னு சொன்னீங்க. அலுமினியத் துரட்டி வேண்டவே வேண்டாம். மேல கரண்ட் கம்பி போனா துரட்டி, ஏணி, கை எதுவும் அதுக்கு 3 மீட்டருக்குள்ள போகக் கூடாது. மூங்கில் நல்லதுதான். ஆனா ஈரமூங்கில் கரண்டைக் கடத்தும். கிளை கம்பியைத் தொட்டா மின்வாரியத்துக்குச் சொல்லுங்க, நீங்க வெட்டாதீங்க.

யாரையாவது கரண்ட் பிடிச்சிருந்தா தொடாதீங்க. மெயினை இறக்குங்க. முடியலைன்னா மட்டும், உலர்ந்த பலகை மேல நின்னு உலர்ந்த கட்டையால வயரைத் தள்ளுங்க. இது வீட்டு கரண்டுக்கு மட்டும். தெருக்கம்பி அறுந்து கிடந்தா கிட்டவே போகக் கூடாது.

தொட்டிச்செடி:

கரண்ட் விஷயத்தில் முழு உடன்பாடு. ஆனால் இரண்டு வயதுக் குழந்தை என்று சொன்னதால், அதே நாளில் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. தொட்டியை மூடுவது, மருந்தைப் பூட்டுவது. இரண்டுக்கும் அரைநாள் போதும்.

அந்த வயதில் உடலுக்குத் தலைதான் பாரம். எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும், தானாக எழ வராது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு தண்ணீரே போதும், அது சில சென்டிமீட்டர்தான். சத்தமும் கேட்காது. தரைத்தொட்டிக்குத் தாழ்ப்பாளோடு மூடி போடுங்கள். அல்லிச்செடி வைத்த அகலத் தொட்டி இருந்தால் மேலே வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) பொருத்துங்கள். குழந்தை அதன்மேல் விழுந்தாலும் தண்ணீரைத் தொடுமளவு அது தொய்யக் கூடாது. கொசுவலைத் துணி அதற்கு உதவாது. வாளியில் வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

மருந்து: வாங்கின பாட்டிலிலேயே, லேபிளோடு, பூட்டிய பெட்டியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தாகத்தில் எடுத்துக் குடிப்பவர்கள் பெரியவர்களும்தான். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய்க் கரைசலாக உள்ள மருந்து வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் கேடு இரட்டிப்பாகும். பாட்டிலைக் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சை தாமதமின்றித் தொடங்கும். தோலில் கொட்டினால் உடையைக் களைந்து, சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். தெளித்த பிறகு வியர்வை, எச்சில் ஊறல், கண்மணி சுருங்குதல், வயிற்றுப் பிரட்டல், தசைத் துடிப்பு தெரிந்தால், குறிப்பாக ஆர்கனோபாஸ்பேட் வகை (நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லி) மருந்து என்றால், காத்திருக்கவே கூடாது.

தெளிக்கும்போது காற்று முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். நாசில் அடைத்தால் வாயால் ஊதுவதைப் பலர் செய்கிறார்கள். உள்ளே போவது மருந்தேதான். பழைய டூத்பிரஷ் ஒன்றை ஸ்ப்ரேயரில் கட்டித் தொங்கவிடுங்கள், அந்தப் பழக்கம் போய்விடும். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய நீரையும் ஸ்ப்ரேயரிலேயே ஊற்றித் தெளித்துவிட்டு, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். யாரும் மறுபடி பயன்படுத்த மாட்டார்கள்.

வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று வெளியே வைக்க வேண்டாம். லிட்டருக்கு 5 மி.லி. கலந்து செடிக்குத் தெளிப்பதில் பிரச்சினை இல்லை. அதையே சின்னக் குழந்தை விழுங்கினால் வாந்தியும் வலிப்பும் வரலாம். அதே பெட்டிக்குள் போகட்டும்.

எலுமிச்சைக்குப் போர்டோ கலவை (பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் மயில்துத்தம்-சுண்ணாம்புக் கலவை) போடுபவராக இருந்தால் கவனிக்க வேண்டியது மயில்துத்தத்தை விடச் சுண்ணாம்பை. 10 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் ஐந்தைந்து லிட்டரில் கரைத்து, சுண்ணாம்புப் பாலைக் கலக்கிக்கொண்டே துத்தக் கரைசலை மெல்ல ஊற்றவும். இரும்பு வாளி கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லையேல் இலை கருகும். சுண்ணாம்பு நீரில் கொதிக்கும், தெறிக்கும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கண்ணாடி அணிந்துகொண்டு. மூடிபோட்ட பாட்டிலில் ஒருபோதும் கரைக்காதீர்கள், வெடிக்கும்.

வார்டுவெளிச்சம்:

அப்பாவைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, அதனால் நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

சர்க்கரை நோய் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். முள் ஏறியதே தெரியாமல் இரண்டு நாள் நடப்பார்கள், மூன்றாம் நாள் சாக்ஸில் கறை பார்த்துத்தான் தெரியும். எனவே, தடித்த அடிப்பாகமும் மூடிய முன்புறமும் உள்ள காலணி, போடும் முன் ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் தட்டுதல், மாலையில் காலைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தல். அவருக்குக் குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி வையுங்கள், அல்லது நீங்கள் பாருங்கள். சிறு கொப்புளம் என்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

மண்ணில் மூன்று வகைக் கிருமிகளைப் பொருட்படுத்த வேண்டும். ஒன்று, டெட்டனஸ். துரு காரணமல்ல. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி வித்துகள் ஆழமான, காற்றுப் புகாத குத்துக்காயத்தில் வளர்கின்றன. அடிப்படைத் தடுப்பூசிகள் முடிந்தவருக்குப் பத்தாண்டுக்கு ஒரு ஊக்க ஊசி. அழுக்கான, ஆழமான காயம் என்றால் கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தாலே மறுபடி தேவைப்படும். இரண்டு, மெலியோய்டோசிஸ். வெப்பமான பகுதிகளில் மழைக்கால ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் உள்ள பாக்டீரியா தரும் நோய். சர்க்கரை நோயாளிகளையே அதிகம் தாக்கும். மழை பெய்த சேற்றில் அவர் இறங்குவதானால் ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம். பிறகு காய்ச்சல் வந்தால் "தோட்டத்து மண்ணில் வேலை செய்பவர், சர்க்கரை உண்டு" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். மூன்று, எலிக்காய்ச்சல். எலிச் சிறுநீர் கலந்த நீர் சிராய்ப்பு வழியே உடலுக்குள் போகும். எலியைக் குறைத்தால் பாம்பும் குறையும்.

உரப்பை, மட்கு மூட்டை பிரிக்கும்போது முகத்தை மேலே கொண்டுபோகாமல், கத்தரியால் வெட்டி, உடனே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிறகு கிளறுங்கள். மட்கின் தூசியோடு நிமோனியா தரும் லெஜியோனெல்லா வகைக் கிருமி நுரையீரலுக்குப் போக முடியும். அப்பாவுக்கு முகக்கவசம் நல்லது.

பாம்பு: பயப்படும் அளவுக்கு அதற்கான வேலை கடினமல்ல. செங்கல் குவியல், காய்ந்த மட்டை, கவிழ்த்த தொட்டி ஆகியவை வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதீர்கள், முதலில் கம்பால் கிளறுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கடித்தால் மோதிரம், கொலுசு, இறுக்கமான உடையைக் கழற்றி, கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் கட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எல்லாமே கேடு. இறுக்கிக் கட்டிய உறுப்பு ரத்த ஓட்டமின்றி அழுகிப்போகும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போய் இன்னொருவரும் கடிபட வேண்டாம்.

கீரைப்பாத்தி:

மூவருக்கும் நன்றி. பிளக்கைப் பிடுங்கியாயிற்று, மருந்துகள் பூட்டிய அலமாரிக்குப் போய்விட்டன. இரண்டு சந்தேகம். அரளியையும் எருக்கையும் வெட்டி அங்கேயே எரித்துவிடலாமா? முருங்கையில் ஏணி சாத்தித்தான் காய் பறிக்கிறோம், அதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

வேர்முடிச்சு:

எரிக்காதீர்கள். அரளியின் வேர், தண்டு, இலை, பூ எல்லாமே இதயத்துடிப்பைக் குலைக்கும் நச்சுள்ளவை, புகையும் ஆகாது. காய்ந்தாலும் நஞ்சு போகாது. காய்ந்த சருகை ஆடு மாடு பச்சையை விட எளிதாகத் தின்றுவிடும், அதனால் வெட்டியதை வெளியில் எறியவும் கூடாது. பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள், அல்லது கீரைப் பாத்தியிலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள். மஞ்சள் அரளி என்றால் இன்னும் கவனம், அதன் கொட்டை சிறியதாக இருப்பதால் குழந்தை வாயில் போடும்.

எருக்கில் ஆபத்து பால். கிளையை ஒடித்ததும் வெண்பால் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பல சமயம் வலிக்கவே வலிக்காது. சில மணி நேரத்தில் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். கருவிழியின் உட்புறம் அதற்குள் வீங்கியிருக்கும். "வலி இல்லையே" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான். கொம்புக்கள்ளியின் பாலோ நெருப்பாக எரியும். எதுவானாலும் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தநீரில் இருபது நிமிடம் குறையாமல் கழுவி, பிறகு கண் மருத்துவர். மேலே சொன்ன சுண்ணாம்புக்கும் இதேதான், இன்னும் அதிக நேரம். வினிகர், எலுமிச்சை என்று முறிவு தேடிக் கண்ணில் ஊற்றிவிடாதீர்கள்.

வெட்டும்போது பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை. கையுறையோடு நெற்றி வியர்வையைத் துடைக்கக் கூடாது. பால் கண்ணுக்குப் போகும் வழி பெரும்பாலும் அதுதான். அரிவாளைக் கழுவிவிட்டே அடுத்த செடிக்குப் போங்கள்.

வேலியில் குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு, ஊமத்தை முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். குன்றிமணியை முழுதாக விழுங்கினால் ஓடு காப்பாற்றலாம், கடித்தால் அப்படியில்லை. செங்காந்தள் கிழங்கைக் கிழங்குவகைப் பாத்திக்கு அருகே ஒருபோதும் நடாதீர்கள், தோண்டும்போது மாறிவிடும்.

எலுமிச்சையைக் கவாத்து செய்தபின் கையைக் கழுவாமல் வெயிலில் நிற்காதீர்கள். சாறு பட்ட தோல் வெயில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் தீக்காயம் போல் கொப்பளித்து, கரும்பட்டையாக மாதக்கணக்கில் நிற்கும்.

கவைக்கோல்:

முருங்கையில் ஏணி சாத்துவதை விட்டுவிடுங்கள். முருங்கை மரம் மெத்தென்றது. பச்சையாக, தடியாக இருக்கும் கிளையே முன்னறிவிப்பின்றி மளுக்கென்று முறியும். தரையில் நின்று துரட்டியால் பறிக்கும் உயரத்துக்கு மரத்தையே குறைத்து வையுங்கள். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து ஒரு மீட்டரில் வெட்டிவிட்டால் பக்கக்கிளை விட்டுத் தாழ்வாகவே காய்க்கும்.

மாவுக்கும் சுவருக்கும் ஏணி தேவைப்பட்டால், சாத்தும் புள்ளி 4 மீட்டர் உயரம் என்றால் அடி 1 மீட்டர் தள்ளி. கிட்டே வைத்தால் பின்னால் சாயும், எட்ட வைத்தால் அடி வழுக்கும். ஈரமண்ணில் ஒரு கால் மட்டும் இறங்கிவிடும், கீழே பலகை போடுங்கள். மேலிருந்து மூன்று படிகளில் நிற்க வேண்டாம். வெட்டப்போகும் கிளையிலேயே ஏணியைச் சாத்துவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. நுனி அறுந்து விழுந்ததும் பாரம் குறைந்த கிளை மேலே எழும்பி, ஏணிக்குப் பிடிமானம் போய்விடும். கனத்த கிளையை முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை கிழிந்து உங்கள் பக்கம் ஊசலாடாது.

மாடிக்கு ஒரு வார்த்தை. கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைக்காதீர்கள், காற்றுக்கு விழுந்தால் கீழே நிற்பவர் தலை. நனைந்த தோட்டமண் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ, அப்படியென்றால் 50 லிட்டர் பை 80 கிலோ. தேங்காய்நார்த் தூள், மட்கு அதிகம் கலந்தால் அதில் பாதிக்கு வரும். தளத்தின் நடுவில் குவிக்காமல் உத்திரம், சுவர் ஓடும் கோட்டின் மேல் வரிசையாக வையுங்கள். பழைய கட்டடம் என்றால் பொறியாளரைக் கேட்ட பிறகு வையுங்கள். பைக்கடியில் வழியும் நீர் பாசியாகும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், தட்டுகளின் உட்பக்கத்தையும் சேர்த்து. கொசு முட்டை காய்ந்த தட்டின் விளிம்பில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

கீரைப்பாத்தி:

ஆர்.சி.சி.பி. போட்டாயிற்று, புது கேபிளும் வந்தாயிற்று. ஆனால் மோட்டாரைப் போட்டதும் சில சமயம் உடனே விழுகிறது, மழை பெய்த மறுநாள் கட்டாயம் விழுகிறது. கருவி பழுதா?

பியூஸ்கட்டை:

பெரும்பாலும் கருவி சரியாத்தான் இருக்கும். உங்க மோட்டார் ரொம்ப நாளா கசிஞ்சுக்கிட்டு இருந்திருக்கும், இப்பத்தான் சொல்ல ஒரு ஆள் வந்திருக்கு. மோட்டார் பிளக்கைப் பிடுங்கிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏத்துங்க. விழாம நின்னா மோட்டார்லயோ அதோட கேபிள்லயோ கசிவு. நிக்கலைன்னா பாக்ஸையும் லைனையும் பாருங்க, பெரும்பாலும் பாக்ஸுக்குள்ள ஈரம் கோர்த்திருக்கும். மோட்டாரை எலக்ட்ரீசியன்கிட்ட 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சரியா இருக்கான்னு அளக்குற மீட்டர்) வச்சுப் பாக்கச் சொல்லுங்க. வைண்டிங்குக்கும் (மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கிற செம்புக்கம்பி) பாடிக்கும் நடுவுல 1 மெகாஓமுக்குக் கீழ காட்டினா வைண்டிங் ஈரம் குடிச்சிருக்கு. காயவச்சு வார்னிஷ் போடணும், இல்லேன்னா ரீவைண்டிங்.

மழை இல்லாத நாள்லயும், எந்த லோடு போட்டாலும் விழுதுன்னா வேற காரணம். தோட்டத்து லைனோட நியூட்ரலை வேற சர்க்யூட் நியூட்ரலோட சேத்து முறுக்கியிருப்பாங்க. கரண்ட் வேற வழியில திரும்புறதால கணக்கு இடிக்குது. அந்த நியூட்ரலை ஆர்.சி.சி.பி.யோட வெளிவர்ற முனைக்குத் தனியாக் கொண்டு வந்தா சரியாயிடும்.

"தொல்லையா இருக்கு, நேரா குடுத்துடலாம்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. மெக்கர் பாத்து முடியுற வரைக்கும் வாளியே போதும்.